முருகனுக்குக் கொடுத்த சேவல்கொண்டை

1993-ஆம் வருடம், ஆடி முடிந்து ஆவணி பிறந்த முதல் சனிக்கிழமை. அப்போது எங்கள் வீடு சிட்லபாக்கத்தில் ஏரியை ஒட்டிய தெருவில் இருந்தது. நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. முதல் வருடம் சேர்ந்திருந்த புதிது. அன்று பிற்பகல் சானடோரியத்தில் இருந்த என் நண்பன் வீட்டுக் கொல்லையில், ஒரு ஸ்டூலில் சட்டையில்லாமல் உட்கார்ந்து, தலையின் இரண்டு பக்கத்தையும் வழித்துக்கொண்டேன். நடுவில் மட்டும் நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு பட்டை முடி. அதை விறைப்பாக நிமிர்த்தி நிறுத்தியும் ஆகிவிட்டது.

அந்தத் தலையால் என் அக்காவின் கல்யாணம் நின்றுபோக இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில், எதற்காக அந்தத் தலை என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குக் கிறுக்கு என்று நினைப்பீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, கப்பலில் வேலை பார்த்த என் நண்பனின் சித்தப்பா லீவில் வந்தபோது சில கேசட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் பங்க் ராக். எங்கள் பக்கத்தில் அப்போது பங்க் என்றால் பின்கழுத்தில் முடியை நீளமாக விடுவது, அவ்வளவுதான். அதற்கு ஒரு இசை இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. முதல் கேசட்டைப் போட்டதும் டேப் ரெக்கார்டரின் பெல்ட் கெட்டுப்போய் வேகமாக ஓடுகிறது என்றுதான் நினைத்தோம். வேறு கேசட்டைப் போட்டுப் பார்த்தால் அது சரியாகப் பாடுகிறது. மறுபடி இதைப் போட்டால் அதே ஓட்டம், அதே கத்தல். நாலு பேர், கையில் கிடைத்த வாத்தியத்தை அடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் எதன்மேலோ கோபமாக இருக்கிறார்கள். ஒரு பாட்டு தொடங்கி, நமக்குப் புரிவதற்குள் முடிந்துவிடுகிறது. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆனது. எனக்குள் காரணமே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பரபரப்புக்கு யாரோ வெளியில் இசை போட்ட மாதிரி இருந்தது.

அந்தக் கேசட்டைப் பிரதி எடுக்க தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் இருந்த ரெக்கார்டிங் கடையில் கொடுத்தேன். மறுநாள் போனால் கடைக்காரர், பாவம், என் தோளைத் தட்டி வெற்றுக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரிஜினல்லயே ரிப்பேர் கீது தம்பி. இத்த இன்னோண்ணுலயும் ஏத்தி அத்தயும் கெடுக்கணுமா?" என்றார்.

கல்லூரி வருவதற்குள் நாங்களே ஒரு குழு ஆரம்பித்துவிட்டோம். நண்பனுக்கு கிட்டாரில் மூன்று கார்டுகள் தெரியும். இந்த இசைக்கு அதுவே அதிகம். இன்னொருவன் பள்ளிக்கூட பேண்டில் அடித்த டிரம்மைக் கொண்டுவந்தான். எனக்கு ஒன்றும் வாசிக்கத் தெரியாது, அதனால் நான் பாடகன். குழுவின் பெயர் 'கொசு'. சிட்லபாக்கத்தில் ஒரு ராத்திரி தங்கியவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. லண்டன் பையன்கள் ராணியைத் திட்டிப் பாடினால் நாங்கள் எங்கள் தெருவுக்கு வராத தண்ணீர் லாரியைத் திட்டிப் பாடினோம். நண்பன் வீடு ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. மின்சார ரயில் வரும் சத்தம் கேட்டதும்தான் ஆரம்பிப்போம். ரயில் கடப்பதற்குள் ஒரு பாட்டை முடித்துவிடுவோம். அக்கம்பக்கத்தில் ஒருவரும் புகார் சொன்னதில்லை.

உடைதான் பிரச்சினை. பங்க் என்றால் கிழிந்த சட்டை, சட்டையெல்லாம் ஊக்கு. சட்டை கிழிக்க ஒரு நொடி ஆகாது. ஊக்குக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, என் அம்மாவின் வளையலில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு தொங்கிக்கொண்டிருக்கும். தாலிச் சரட்டில் ஒன்றிரண்டு. அக்காவின் கைப்பையில் ஒரு டப்பா. லண்டனில் யாரோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்த நாகரிகத்தை எங்கள் வீட்டுப் பெண்கள் எப்போதோ கையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சுட்டேன். அதில் பெரியதாக இருந்த ஒன்றுக்கு அக்காவின் நகப்பூச்சை எடுத்துச் சிவப்படித்து, நெஞ்சுக்கு நேராகக் குத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை ஒரு கல்லூரி விழாவில் இசைப் போட்டி. எங்கள் முதல் மேடை. அதற்காகத்தான் அந்தத் தலை.

அக்காவைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்பது எனக்கு மறந்துபோகவில்லை. அது அதற்கு அடுத்த ஞாயிறு என்றுதான் பேச்சு. புதன்கிழமை போட்டி முடிந்ததும் வியாழக்கிழமை ஏதாவது ஒரு சலூனில் மொத்தத்தையும் எடுத்துவிட்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டிலேயே கிடப்பது என்று திட்டம் போட்டிருந்தேன். திட்டத்தில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

நண்பன் அவன் அப்பாவின் ஷேவிங் செட்டை எடுத்து வந்தான். கத்திரிக்கோல் சுலபமாக இருந்தது, பிளேடுதான் படுத்திவிட்டது. காதுக்கு மேலே, பின்பக்கம் எல்லாம் கீறல். முடியை நிமிர்த்தக் கஞ்சி போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. கேசட்டின் அட்டையில் இருந்தவர்கள் என்ன போட்டார்கள் என்று நண்பனுக்குச் சித்தப்பா சொல்லியிருந்தார். முட்டையின் வெள்ளைக் கரு. அதைத் தடவி வெயிலில் உட்கார்ந்தேன். காய்ந்ததும் மட்டை மாதிரி நின்றது. கண்ணாடியில் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே அம்மா பெரிய பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு போனுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து பேசினார்களாம். அடுத்த ஞாயிறு கரிநாள், மாப்பிள்ளையின் பெரியப்பா காலண்டரைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதனால் நாளைக்கே வருகிறார்கள். மாலை நாலரைக்கு.

என் தலையிலிருந்து துண்டு நழுவியது.

அம்மா கத்தவில்லை. கையிலிருந்த சொம்பை மட்டும் மெதுவாகக் கீழே வைத்தாள். அப்பா உள்ளேயிருந்து வந்தார். ரயில்வேயில் வேலை, அதிகம் பேசாத மனிதர். என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். "கூவுமா இது?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஈசிசேரில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா கதவருகே நின்று பார்த்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன வயதிலிருந்து என்னைத் திட்டுவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. அன்று ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு முன்பு வந்த வரன்கள் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயிருந்தன. ஒன்றில் ஜாதகம், ஒன்றில் அவள் கிண்டியில் வேலைக்குப் போவது. இந்த இடம் செம்பாக்கத்தில், பக்கத்திலேயே. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகட்டும் என்று சொன்னவர்கள். புகைப்படத்தைப் பார்த்து அக்கா எதுவும் சொல்லவில்லை, ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்காமல் தன் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியும்.

முழுசாக வழித்துவிட்டால் போகிறது என்று நான் சொன்னேன். எதிர்த்தெரு சலூன் இன்னும் திறந்துதான் இருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில்தான் என் முட்டாள்தனத்தின் முழு அளவும் எனக்குப் புரிந்தது. நம் பக்கத்தில் வளர்ந்த பையன் காரணமில்லாமல் மொட்டை அடித்து நின்றால், வருகிறவர்கள் முதலில் கேட்பது வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்பதுதான். நல்ல காரியம் பேச வந்த வீட்டில் அந்தக் கேள்வி விழுந்தாலே முடிந்தது. என்னை ஒளித்துவைக்கவும் முடியாது. ஒரே தம்பி, எங்கே என்று கேட்பார்கள். வெளியூர் என்று சொன்னால், தெரு முழுக்க நான் சைக்கிளில் வந்ததைப் பார்த்திருக்கிறது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். மொட்டை அடித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் அது கோயிலில் நடக்க வேண்டும். திருப்போரூர் முருகன் கோயிலுக்கு விடியற்காலை பஸ்ஸில் போய், முடி இறக்கி, சந்தனம் பூசி, மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். பொய் வேண்டுதலா என்று அப்பா கேட்டார். பொய்யெல்லாம் இல்லை, இப்போதுதான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன் என்றாள் அம்மா.

காலையில் கிளம்பும்போது அக்கா அறையிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. மாலையில் கட்டப்போகிற புடவை கையில். அம்மாவிடம் ஊக்கு கேட்டாள். அம்மா வளையலைப் பார்த்தாள், ஒன்றுகூட இல்லை. டப்பாவைப் பார்த்தால் அதுவும் காலி. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையிலிருந்து என் கிழிந்த சட்டையை எடுத்து நீட்டினேன். அக்கா அதை விரித்துப் பிடித்தாள். வெளிச்சத்தில் அத்தனை ஊக்கும் பளபளத்தன. முந்தின நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் முதல்முதலாகப் பேசியது அப்போதுதான்.

"கடைக்காரனுக்கு ஒண்ணாச்சும் விட்டு வெச்சியாடா சேவலு?"

சேவல் என்று சொன்னதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகப் போகும் பஸ். கொண்டையை மறைக்க அப்பாவின் மங்கி கேப்பை அம்மா என் தலையில் இழுத்து மாட்டியிருந்தாள். முடி மடங்காமல், குல்லாய் உச்சியில் கூர்மையாக நின்றது. ஆவணி வெயில். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இன்னா தம்பி, ஊட்டி பஸ்ஸுன்னு நெனச்சி ஏறிட்டியா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள்.

வண்டலூர் தாண்டியதும் எனக்கு வேறொரு பயம் வந்தது. குல்லாய்க்குள் சூடேற ஏற, ஒரு வாடை கிளம்ப ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் முட்டை சாப்பிடுவோம்தான். ஆனால் கோயிலுக்குப் போகிற நாளில் அது சமையலறைப் பக்கமே வராது. நான் அதைத் தலையில் பூசிக்கொண்டு முருகனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். ராத்திரியே தலைக்குக் குளித்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை தண்ணீர் லாரி வரவில்லை, கிணறும் வற்றிக் கிடந்தது, இருந்த தண்ணீரை அம்மா வருகிறவர்களுக்காகப் பிடித்து மூடி வைத்திருந்தாள். எப்படியும் கோயில் குளத்தில் முழுகப்போகிறாயே என்று சொல்லிவிட்டாள்.

கேளம்பாக்கத்தில் பஸ் நின்றபோது அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. முருகனிடம் மன்னிப்புக் கேட்டாளா என்னைத் திட்டினாளா தெரியாது. திருப்போரூரில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு பெட்டிக்கடையில் சோப்பும் சீயக்காயும் வாங்கி, தெருமுனை அடிபம்புக்கு என்னை இழுத்துப்போனாள். ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் கொண்டையைப் பிடித்துத் தேய்த்தாள். கீறல்களில் சீயக்காய் பட்டு எனக்குக் கண்ணில் நீர் வந்தது. தண்ணீர் பிடிக்க வந்த ஒரு அம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். அப்புறம் பம்பைத் தானே வாங்கி அடித்தாள். எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. போகும்போது மட்டும், "புள்ளைக்கு சீக்கிரம் சரியாயிடும் கண்ணு" என்று அம்மாவிடம் ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

முடி இறக்கும் மண்டபத்தில் முகூர்த்த மாதக் கூட்டம். எங்கள் முறை வந்து குல்லாயைக் கழற்றியதும், முடி எடுப்பவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"யோவ், இங்க பார்யா. முருகனுக்குச் சேவலையே இட்டாந்துகீறாங்க."

மண்டபமே திரும்பியது. காது குத்துக்கு வந்த குழந்தைகள் அழுகையை நிறுத்தின. அம்மா சமாளித்துக்கொண்டு, பாதி வேறு இடத்தில் போய்விட்டது, மீதி இங்கே என்றாள். எந்தக் கோயிலில் இப்படிப் பக்கம் பக்கமாக வாங்குகிறார்கள் என்று அவர் நிஜமான சந்தேகத்தோடு கேட்டார். அவரே சிரித்துக்கொண்டு என் தலையை முன்னால் சாய்த்தார். நாலே இழுப்பு. ஒரு வருடமாக நான் வளர்த்த முடி மடியில் விழுந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மாலைக்குள் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று மட்டும்தான் இருந்தது.

குளத்தில் முழுகி, சந்தனம் பூசி, சாமி பார்த்துவிட்டு வெளியே வந்தால், வர வேண்டிய பஸ் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. எங்கோ பழுதாகி நிற்கிறதாம். நிழல் சாய்ந்துகொண்டே போனது. அம்மா கையில் பிரசாதத் தூக்கு, மடியில் கைக்குட்டை. பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே தாம்பரம் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து எங்கள் தெருவில் திரும்பினோம். எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றுகொண்டிருந்தது. வாசற்படியில் புதிய செருப்புகள்.

பெண்ணின் அம்மாவே வீட்டில் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்று நான் கையைப் பிடித்தேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெற்றி விபூதியைச் சரிசெய்துகொண்டு, நேராக முன்வாசலில் நுழைந்தாள். பின்னால் சந்தன மொட்டையோடு நான்.

கூடத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அப்பாவின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டிப் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நாங்க வர்ற நேரத்துக்கு முருகனே வந்த மாதிரி இருக்கு" என்றார். அம்மா தூணில் லேசாகச் சாய்ந்துகொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

ஆனால் பெரியப்பா இருந்தாரே. கரிநாளைக் கண்டுபிடித்த அதே மனிதர். தும்பை வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்டார். அக்கா கல்யாணம் கூடிவர வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம் என்றாள் அம்மா. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேண்டுதல் பலிச்சப்புறம்தானே முடி குடுப்பாங்க? இன்னும் நாங்க காபியே குடிக்கலியே."

அம்மா முந்தானையை மறுபடி இழுத்துச் செருகினாள். அப்பா தரையைப் பார்த்தார். முடிந்தது, இத்தனை பாடுபட்டும் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அக்கா காபித் தட்டோடு வந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவது அன்றைக்கெல்லாம் வழக்கமில்லை. தட்டை அவர் முன்னால் நீட்டிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்.

"அவனுக்கு அவசரம் ஜாஸ்தி மாமா. அட்வான்ஸாவே குடுத்துட்டான். இப்ப முருகருக்கு வேற வழியில்ல."

பெரியப்பா அவளைப் பார்த்தார். டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. காபி வேட்டியில் சிந்தியது. "பொண்ணு வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்று தன் தம்பியான மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னார். அவ்வளவுதான், கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. நான் உட்கார இடம் தேடி, கிடைத்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை அதுவரை ஒன்றும் பேசவில்லை. மருந்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். ஒல்லியாக, முழுக்கைச் சட்டையை பேண்ட்டுக்குள் விட்டு, அடக்கமாக உட்கார்ந்திருந்தார். பெண்ணிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசலாமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தலையசைத்தார். இருவரும் பின்கட்டுக்கு, கிணற்றடிக்குப் போனார்கள்.

நாங்கள் கூடத்தில் பஜ்ஜியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். என் காது மட்டும் பின்னால் இருந்தது. அக்காவின் குரல் தாழ்வாக, தொடர்ந்து கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. இவ்வளவு நேரமா என்று கடிகாரத்தைப் பார்த்தேன். திடீரென்று அங்கிருந்து ஒரு சிரிப்பு. அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த ஆண் சிரிப்பு. நின்று, மறுபடி தொடங்கி, இருமலில் போய் முடிந்தது. அந்த அடக்கமான மனிதரிடமிருந்து வந்ததா என்று அவருடைய அம்மாவே திரும்பிப் பார்த்தார்.

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேசட், ஊக்கு, முட்டை, அப்பா கேட்ட கேள்வி எல்லாம். பொய்யில் ஆரம்பித்தால் அப்புறம் எதைச் சொன்னாலும் அதோடு முட்டிக்கொள்ளும் என்று தோன்றியதாம். வேண்டாம் என்றால் உண்மையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லட்டும் என்று நினைத்தாளாம். பிற்பாடு சொன்னாள்.

கிளம்பும்போது மாப்பிள்ளை வாசலில் என் பக்கத்தில் வந்து செருப்பு மாட்டினார். குனிந்தபடியே, யாருக்கும் கேட்காத மாதிரி கேட்டார்.

"நடுவுல எவ்ளோ ஒசரம் நின்னுச்சு?"

நான் விரல்களை அகட்டிக் காட்டினேன். அவர் மரியாதையோடு தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார். கார் தெருமுனை திரும்பியதும் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா, அந்த அதிகம் பேசாத மனிதர், என் மொட்டையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். நான் மூச்சு விட்டேன். நேற்று மாலையிலிருந்து விடாமல் வைத்திருந்த மூச்சு அது. ராத்திரி பக்கத்து வீட்டு போன் அடித்தது. பிடித்திருக்கிறதாம்.

போட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. புதன்கிழமை மொட்டையோடுதான் மேடை ஏறினேன். கூட்டம் எழுந்து நின்று கோவிந்தா போட்டது. கோவிந்தா இல்லை, முருகன் என்று மைக்கில் திருத்தினேன். தண்ணீர் லாரிப் பாட்டைத் தொடங்கியதும், அன்றைக்கும் பூசியிருந்த சந்தனம் வேர்வையில் கரைந்து கண்ணில் இறங்க, ஒன்றும் தெரியாமல் கத்தினேன். ஒரே ஒரு செருப்புதான் வந்தது. எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாவது பாட்டுக்குள், சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கத்துப் பையன்கள் கொஞ்சம் பேர் முன்னால் வந்து எங்களோடு சேர்ந்து லாரியைத் திட்டினார்கள். இதற்கு மேல் ஒரு பங்க் குழுவுக்கு என்ன வேண்டும்?

தை மாதம் கல்யாணம் நடந்தது. கொட்டுமேளம் உச்சத்தில் அடித்தபோது அத்தான் என் பக்கம் திரும்பி, இது உன் கேசட்டைவிட வேகம் என்றார். அக்கா இப்போது செம்பாக்கத்தில்தான் இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள். அவள் வளையலில் ஊக்குக் கொத்து தொங்குகிறது, அம்மாவுக்கு இருந்த மாதிரியே. போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். அந்தக் கொத்தில் ஒன்று சிவப்பு. பூச்சு பாதி உரிந்துவிட்டது. பெண் பார்த்த அன்று புடவையில் தோளில் குத்தியது அதைத்தானாம். அவசரத்தில் கைக்கு அதுதான் வந்தது என்றாள். திருப்பிக் கொடு என்றேன். அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டோம் என்றாள்.

என் தலையில் முடி வளர்ந்துவிட்டது, கேசட்டுகள் தேய்ந்துவிட்டன, பாட்டைக் கேட்பது மட்டும் நிற்கவில்லை. யாரும் நம்மைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று கத்துகிற அந்தப் பாட்டுகளை இன்றைக்குப் போட்டாலும், அவற்றுக்கு நடுவே கிணற்றடியிலிருந்து வந்த அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. அது கேட்ட பிறகுதான் என்னால் நிம்மதியாகச் சேர்ந்து கத்த முடிகிறது.